மெரிதா: காசு செலவழிக்காமல் ஒரு வாரம் சுற்றிப் பார்ப்பது எப்படி

மெக்சிகோவில் யுகாத்தான் மாநிலத்தின் தலைநகர் மெரிதா. டெக்சஸிலிருந்து நானும் அம்மாவும் ஒரு வாரம் போய் வந்தோம். முதல் மூன்று நாள் கையிலிருந்த பணம் கரைந்துகொண்டே போனது. நாலாவது நாள்தான் விஷயம் பிடிபட்டது: அந்த ஊரில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் எது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தத் தெருமுனையில் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் நல்லதை எல்லாம் தவறவிட்டு, காசு கேட்கும் இடங்களிலேயே போய் நிற்போம். நாங்கள் பட்டது நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விமானம், தங்குமிடம், சாப்பாடு இந்த மூன்றுக்கும் செலவு உண்டு. ஊருக்குள் சுற்றிப் பார்ப்பதற்குச் செலவு வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

1. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வையுங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாக எடுக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. அம்மா அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வந்திருந்தார். அதைக் காட்டியே உள்ளே போனார். மெக்சிகோ விசாவுக்கான கட்டணமும் அலைச்சலும் எங்களுக்கு மிச்சம்.

எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதி முடிந்துவிட்டு, நீட்டிப்புக் காகிதம் மட்டும் கையில் இருந்தால் மெக்சிகோவுக்கு அது போதாது. விமானத்தில் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் முத்திரையின் தேதியைப் பாருங்கள். திரும்பி அமெரிக்காவுக்குள் வரும் விதிகள் வேறு. அதையும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ குடியேற்ற அதிகாரி எத்தனை நாள் அனுமதி தருகிறாரோ அதுதான் உங்கள் கணக்கு. 180 நாள் வரை தரலாம் என்பதற்காக எல்லோருக்கும் 180 கிடைப்பதில்லை. முத்திரையில் குறித்த நாள் எண்ணிக்கையை கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். துண்டுக் காகிதம் கொடுத்தால் ஊர் திரும்பும் வரை பத்திரமாக வையுங்கள்.

ஊருக்குள் நடக்கும்போது பாஸ்போர்ட் நகல் போதும். வெளியூர்ப் பேருந்தில் ஏறும் நாளில் மட்டும் அசல் வேண்டும். வழியில் குடியேற்றத் துறையினர் நிறுத்திப் பார்ப்பதுண்டு.

2. கடிகாரத்தைத் திருப்புங்கள்

பலரும் பக்கத்து மாநிலக் கடற்கரை நகரமான கான்கூன் வரை மலிவான விமானத்தில் வந்து, அங்கிருந்து பேருந்தில் மெரிதா வருவார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். கான்கூன் நேரமும் மெரிதா நேரமும் ஒன்றல்ல. மெரிதா ஒரு மணி நேரம் பின்னால். வருடம் முழுவதும் இதே வித்தியாசம்தான். அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்ததால் ஒரு நாள் காலையில் நாங்கள் போய் நின்றபோது கதவே திறக்கவில்லை. கைபேசி தானாக மாறிக்கொள்ளும். கையில் கட்டியது மாறாது.

பேருந்துப் பயணம் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வெளிநாட்டு வங்கி அட்டையை இணையத்தில் ஏற்காமல் போகலாம். எனக்கு மூன்று தடவை நிராகரித்தது. நிலைய கவுண்டரில் போய் வாங்கினேன், ஐந்து நிமிட வேலை. இரண்டு நாள் முன்பே வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும்.

ரயிலில் வருபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாயா ரயிலின் மெரிதா நிலையம் ஊருக்கு வெளியே தேயா என்ற இடத்தில் இருக்கிறது. இறங்கியவுடன் நடந்து போய்விடலாம் என்று எண்ணாதீர்கள்.

3. தெரு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைக் கற்றுக்கொண்டால் டாக்சிக் காசு முழுவதும் மிச்சம். பழைய நகரத்தில் தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். இரட்டைப்படை எண் தெருக்கள் வடக்கு தெற்காகப் போகும். ஒற்றைப்படை எண் தெருக்கள் கிழக்கு மேற்காகப் போகும். வடக்கே போகப் போக ஒற்றைப்படை எண் குறையும். கிழக்கே போகப் போக இரட்டைப்படை எண் குறையும். அவ்வளவுதான்.

முகவரியில் இரண்டு எண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல ஒன்று போட்டிருப்பார்கள். அதைப் "போர்" என்று படிப்பார்கள். குறுக்கே வெட்டும் தெரு என்று பொருள். 60 போர் 55 என்றால் 60ஆம் தெருவும் 55ஆம் தெருவும் சந்திக்கும் முனை. ஊரின் நடுவில் இருக்கும் சதுக்கத்துக்குப் பிளாசா கிராண்டே என்று பெயர். 60, 61, 62, 63 ஆகிய தெருக்கள் அதைச் சுற்றி ஓடுகின்றன. இந்த நாலு எண்ணும் மனசில் இருந்தால் எங்கிருந்தும் திரும்பி வந்துவிடலாம்.

தங்குமிடம் தேடும்போது இந்தச் சதுக்கத்திலிருந்து ஏழெட்டுத் தெருவுக்குள் பாருங்கள். தள்ளிப் போனால் வாடகை குறையும், உண்மைதான். ஆனால் இங்கே நல்ல நிகழ்ச்சிகள் எல்லாம் இரவில்தான். தினமும் இரவு பத்தரைக்கு வண்டி பிடித்துத் திரும்பினால் குறைந்த வாடகை அதிலேயே போய்விடும்.

4. கிழமைக் கணக்கு

மாநகராட்சி கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி நடத்துகிறது. டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. வெளியூர்க்காரர்களுக்கென்று போட்ட கூத்தல்ல இது. உள்ளூர்த் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு வந்து உட்காருகிறார்கள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, சதுக்கத்தின் மேற்குப் பக்கம் 62ஆம் தெருவில் உள்ள நகராட்சி மாளிகைக்குப் போங்கள். தரைத்தளத்தில் சுற்றுலா மேசை இருக்கிறது. அந்த வார அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் இதை நாலாவது நாள் செய்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

திங்கள் இரவு அந்த மாளிகைக்கு எதிரிலேயே வாக்கேரியா என்ற நாட்டுப்புற ஆட்ட விழா நடக்கும். ஹரானா என்ற ஆட்டம். பெண்கள் வெள்ளைத் துணியில் பூத்தையல் போட்ட உடுப்பிலும், ஆண்கள் வெள்ளைச் சட்டையிலும் வருவார்கள். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது. கடைசியில் தலையில் ஒரு தட்டு, தட்டின்மேல் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளைகள். அதைக் கையால் தொடாமல் ஆடுகிறார்கள். "ஏட்டி, நம்மூரு கரகாட்டம் மாதிரில்லா இருக்கு!" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நடுநடுவே இசை நின்று, ஒருவர் "போம்பா!" என்று கத்திவிட்டு நாலு வரிக் கேலிப் பாட்டு ஒன்று எடுத்துவிடுவார், கூட்டம் சிரிக்கும். எனக்கு ஸ்பானிய மொழி அரைகுறை. பக்கத்தில் இருந்த பாட்டி ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

செவ்வாய் இரவு சாந்தியாகோ பூங்கா. சதுக்கத்திலிருந்து மேற்கே, 59ஆம் தெருவில் 70, 72ஆம் தெருக்களுக்கு நடுவில். பெரிய வாத்தியக் குழு பழைய நடன இசை வாசிக்கும். வயதான தம்பதிகள் ஜோடியாக ஆடுவார்கள். பார்க்க மட்டும் போவதென்றாலும் போங்கள். அறுபது வருடம் சேர்ந்து ஆடியவர்களைப் போல அவர்கள் திரும்புகிற விதத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வியாழன் இரவு 9 மணிக்கு சாந்தா லூசியா பூங்காவில், 60 போர் 55 முனையில், செரெனாத்தா. 1965ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. கிட்டார் பாட்டு, கவிதை, ஆட்டம் என்று ஒரு மணி நேரம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு இரவுதான் மெரிதாவில் இருப்பேன் என்பவர்கள் அதை வியாழனாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிகள் எட்டரைக்கே நிரம்பிவிடும், எட்டேகாலுக்குப் போய்விடுங்கள். சுற்றியுள்ள உணவகக்காரர்கள் மேசைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேடைக்கு முன்னால் உள்ள நாற்காலிகளுக்கும் அந்த உணவகங்களுக்கும் சம்பந்தமில்லை. அவை எல்லோருக்கும் பொது.

சனி இரவு பாசேயோ தே மோன்தேஹோ சாலை தொடங்கும் 47ஆம் தெருப் பக்கம் நோச்சே மெஹிகானா: மேடை, கைவினைக் கடைகள், கூட்டம். ஞாயிறு காலையிலிருந்து சதுக்கத்தைச் சுற்றிக் கடைகள் போட்டு மெரிதா என் தொமிங்கோ. அன்று காலை பாசேயோவில் கார்களை நிறுத்திவிட்டு சைக்கிளுக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள். சைக்கிள் வாடகைக்குக் காசு, நடப்பதற்கு இல்லை.

புதன், வெள்ளி பற்றி எச்சரிக்கை. சதுக்கத்தின் தெற்கே உள்ள காசா மோன்தேஹோ என்ற பழைய மாளிகையின் முகப்பிலும், கிழக்கே உள்ள தேவாலயத்தின் முகப்பிலும் ஒளிக்காட்சி போடுவார்கள். அந்தப் பகுதியின் பழங்குடி மக்களான மாயர்கள் இடுப்பால் ரப்பர்ப் பந்தை அடிக்கும் போக் தா போக் ஆட்டமும் தேவாலயத்துக்கு எதிரில் நடக்கும். ஆனால் இவற்றின் நாட்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பழைய பட்டியலை நம்பி நாங்கள் வெள்ளிக்கிழமை வெறும் தெருவில் நின்றோம். மேசையில் கேட்ட அட்டவணையை மட்டும் நம்புங்கள்.

5. பகல் நேரம்

காலை ஒன்பதரைக்கு அந்தச் சுற்றுலா மேசையிலிருந்து நகராட்சியின் இலவச நடைச் சுற்றுலா கிளம்பும், ஞாயிறு தவிர. கட்டணம் இல்லை; வழிகாட்டிக்கு உங்களால் முடிந்ததைக் கொடுப்பது மரியாதை. சதுக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு "இலவசம்" என்று கூப்பிடும் தனியார் குழுக்கள் வேறு. அவர்கள் முடிவில் கேட்கும் அன்பளிப்புதான் அவர்களின் வருமானம். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

மாநில அரசு மாளிகை, சதுக்கத்தின் வடக்குப் பக்கம். பச்சை நிறக் கட்டடம், உள்ளே போகக் காசில்லை. வெளிநாட்டுக்காரர் அரசு அலுவலகத்துக்குள் போகலாமா என்று நாங்கள் வாசலோடு இரண்டு நாள் திரும்பிவிட்டோம். தாராளமாகப் போகலாம். முற்றத்திலும் மாடியிலும் பெர்னாந்தோ காஸ்த்ரோ பச்சேகோ வரைந்த பெரிய பெரிய ஓவியங்கள். கற்றாழை நார் எடுக்கும் தொழிலாளியின் கைகளை ஒன்றில் வரைந்திருக்கிறார். முள் கிழித்த அந்த இரண்டு கைகள் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். மாடிக் கூடத்தின் ஜன்னலிலிருந்து சதுக்கமும் தேவாலயமும் ஒரே பார்வையில் தெரியும். ஊரின் மிக நல்ல காட்சி அதுதான், அதற்கும் காசில்லை.

தெற்குப் பக்கம் காசா மோன்தேஹோ. முகப்பில் ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள் அலறும் தலைகளின்மேல் நிற்கிறார்கள். கல்லில் செதுக்கிய அந்த வாய்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உள்ளே நாலு பழைய அறைகள், இலவசம். திங்களன்று மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். 56ஆம் தெருவில் பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருக்கும் நகர அருங்காட்சியகமும் இலவசம், அதற்கும் திங்கள் விடுமுறை.

கிழக்கே தேவாலயம். 1598ல் கட்டி முடித்தது. உள்ளே அலங்காரம் குறைவு, வெறும் கல்; அதனாலேயே குளிர்ச்சி. நண்பகலில் உட்கார இதைவிட நல்ல இடம் இல்லை. பூசை நடக்கும்போது சுற்றி நடக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

மாலை நாலரைக்கு மேல் பாசேயோ தே மோன்தேஹோவில் நடங்கள். இரண்டு பக்கமும் மாளிகைகள், மரநிழல். வடக்கே போய் முடியும் இடத்தில் ரோமுலோ ரோசோ செதுக்கிய தாய்நாட்டு நினைவுச்சின்னம். வட்டமாகச் சுற்றி வந்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பூங்காக்களில் எதிரெதிராகப் பார்க்கும் வெள்ளை ஜோடி இருக்கைகள் இருக்கும். கால் வலித்தால் அதில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். முன்பு ரயில் பட்டறை இருந்த இடத்தில் லா பிளான்ச்சா என்ற பெரிய பூங்காவைத் திறந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது நல்லது.

6. "ஞாயிறு இலவசம்" உங்களுக்கு அல்ல

இதில்தான் நாங்கள் நன்றாகச் சறுக்கினோம். தேசிய தொல்லியல் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களும் பிரமிடுகளும் ஞாயிறன்று இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மெக்சிகோ குடிமக்களுக்கும், மெக்சிகோவில் வசிப்பதற்கான அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கும் மட்டும். சுற்றுலா முத்திரையில் வந்தவர் ஞாயிறும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பாசேயோவில் உள்ள கான்தோன் மாளிகை அருங்காட்சியகத்துக்கும் இதே விதி. ஞாயிறு வரை காத்திருந்து, கூட்டத்தில் வரிசையில் நின்று, கடைசியில் காசும் கொடுத்தோம். நீங்கள் காசு கொடுத்துத்தான் பார்ப்பீர்கள் என்றால் கூட்டமில்லாத வேறு நாளில் போங்கள்.

வேலைக்காக மெக்சிகோவில் தங்கியிருக்கும் நம்மவர்கள் வசிப்பு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அசல் வேண்டும், கைபேசிப் படம் போதாது.

மாயர் பிரமிடுகள் இருக்கும் சிச்சேன் இட்சா, உஷ்மல் போவதென்றால் தனிச் செலவு. அங்கே மத்திய அரசுக்கு ஒரு சீட்டு, மாநில அரசுக்கு ஒரு சீட்டு என்று இரண்டு வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். செலவில்லாத மாற்று வேண்டுமானால் புரோக்ரேசோ கடற்கரை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள். பேருந்துக் காசு மட்டும்தான், கடற்கரை பொதுச் சொத்து.

7. பணம் கரையும் ஓட்டைகள்

விலைப்பலகையில் டாலர் குறி இருந்தால் பதறாதீர்கள். மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே குறிதான். ஒரு பெசோ ஏறக்குறைய ஐந்து ரூபாய். "இது பெசோவா?" என்று வாய் விட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றித் தரவா" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் அப்போதும் வரும், நல்ல விகிதத்தில் வரும்.

அடுத்தது வலைத் தூளி. சதுக்கத்தில் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், அம்மா நலமா என்பார். பிறகு, "இன்று ஒரு நாள் மட்டும் மாயர் கூட்டுறவுச் சந்தை, நாளை கிடையாது" என்பார். அழைத்துப் போகும் இடம் ஒரு கடை. குளிர்ந்த பானம் கொடுத்து, தூளியில் உட்கார வைத்து, கற்றாழை நார் என்று சொல்லிச் சாதாரண நூலை விற்பார்கள். நாங்கள் கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவாக அதே தூளியைச் சந்தையில் பார்த்தோம். "கிராசியாஸ், யா தெங்கோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நன்றி, என்னிடம் இருக்கிறது என்று பொருள்.

8. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். தங்குமிடத்தில் 20 லிட்டர் கேன் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இருந்தால் காலையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். சந்தைக் கழிப்பறைகளில் 5 முதல் 10 பெசோ வாங்குவார்கள், சில்லறை வேண்டும்.

சைவக்காரர்களுக்கு: அரைத்த பீன்ஸும், சோள மாவில் அவிக்கும் தமாலும் பார்க்கச் சைவம் போலிருக்கும், பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். "தியேனே மந்தேகா?" (பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?) என்று கேட்டு, இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் பப்பாட்சூலேஸ் கேளுங்கள், பூசணி விதைக் குழம்பில் தோய்த்த சோளத் தோசைக்குள் அவித்த முட்டை. ஹபனேரோ மிளகாய்த் துவையல் மேசையில் இலவசமாக வரும். நம் நாக்குக்கே அது அதிகம், துளி எடுத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இரவில் ஒரே ஒரு செலவு செய்வதென்றால் மார்க்கெசீத்தா. தள்ளுவண்டிக்காரர் இரட்டை இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, தீயில் திருப்பித் திருப்பிப் போட்டு, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டியை அங்கேயே துருவித் தூவி, சூடாறுவதற்குள் சுருட்டிக் கொடுப்பார். முறுகலான தோசைக்குள் உப்பும் இனிப்பும். நாங்கள் கொடுத்தது 60 பெசோ.

9. எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரிக்குப் போகும். நடந்து பார்க்கும் திட்டம் அப்போது நடக்காது. ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை. அக்டோபர் கடைசியில் போக முடிந்தால் இறந்தோரை வரவேற்கும் ஹனால் பிக்சான் பலிபீடங்களையும், முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொண்டு கல்லறைத் தோட்டத்திலிருந்து கிளம்பும் ஊர்வலத்தையும் பார்க்கலாம். ஜனவரியில் நகரின் பிறந்த நாளையொட்டி இசை நிகழ்ச்சிகள். இவை எல்லாம் இலவசம், ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை ஏறும். இரண்டு மாதம் முன்பே பிடியுங்கள்.

10. திரும்பும்போது

கான்கூன் வழியாக விமானம் பிடிப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். வரும்போது கிடைத்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். மெரிதாவில் காலை 7 மணிக்குப் பேருந்து ஏறினால், நாலரை மணி நேரம் ஓடி கான்கூனில் இறங்கும்போது அங்கே பன்னிரண்டரை. பிற்பகல் மூன்று மணி விமானத்துக்கு அது மட்டுமட்டு. ஆறு மணிப் பேருந்துக்கு டிக்கெட் எடுங்கள், விமான நிலையத்துக்கே போகும் பேருந்து இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.